நல்ல தண்ணீர்க் கிணறும் ஒரு லொறியும்

பண்டிதன் ஒருவன் லொறியின் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். முப்பதாண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வருகின்றவன் நான். எழுவாய், பயனிலை என்பவற்றோடு பழகிய கைக்கு எண்ணெய்க் கறையோடு உறவில்லை. எனினும், அறியாமையால் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பிலே எனக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கினை ஒளியாது கூறுவதும், அதனால் நான் கற்றதைப் பிறரும் கற்குமாறு செய்வதும் ஆசிரியன் ஒருவனுக்குக் கடமை என எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

என் தமக்கையார் கணவனை இழந்தவர். அவருக்கு ஒரே மகன். அவன் 2021ஆம் ஆண்டிலே ஜப்பானிற் செய்யப்பட்ட பழைய டீசல் லொறி ஒன்றை வாங்கினான். அதற்கு முந்திய ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளுக்கும் பெருவிலை கூறப்பட்ட காலம் அது. தமக்கையாரின் நகைகள் அடகுக்குப் போயின. தோட்டக் காணியின் உறுதியும் போயிற்று. நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகளையும், வெங்காயத்தையும், பீற்றூட் கிழங்கையும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய் வருவதே அவன் தொழில். அவர்கள் வீட்டு ஒழுங்கை ஒடுக்கமானது. ஆதலின் லொறி என் வளவிலே, மாமரத்தின் கீழ் நின்றது.

லொறி வந்த முதற்கிழமையிலேயே அதன் நீர்க்குழாய் ஒன்று வெடித்து, ரேடியேற்றரில் இருந்த பச்சை நிறத் திரவம் முழுவதும் ஒழுகிப் போயிற்று. மருமகன் கடைக்குச் சென்று விசாரித்து வந்தான். “மாமா, இதுக்குள்ளை கூலன்ற் எண்டு ஒண்டு விடவேணுமாம். ஒரு கலனே சொல்லேலாத விலை” என்றான். மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த வெற்றுக் கலனை வாங்கி, அதன்மேல் எழுதியிருந்த ஆங்கிலச் சொல்லை வாசித்தேன். ‘உறைதலைத் தடுப்பது’ என்பது அதன் பொருள். உடனே என் பண்டிதத் தன்மை தலைதூக்கியது.

“தம்பி, இது பனி பெய்கின்ற நாட்டாருக்கு வேண்டிய மருந்து. அங்கே நீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். நமது ஊரிலே நீர் எப்பொழுது உறைந்தது? ஊர் முழுவதும் அள்ளிக் குடிக்கின்ற நல்ல தண்ணீர்க் கிணறு வளவிலே இருக்க, காசைக் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீருக்குக் கொட்டுவதா?” என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. தாய்மாமன் சொல், அதிலும் பண்டிதர் சொல். அன்று தொட்டு, லொறி புறப்படும் நாள்களிலே விடியற்காலையிற் கிணற்றில் அள்ளி, வாளியிற் கொண்டுசென்று ரேடியேற்றரை நிரப்புவது என் வேலையாயிற்று. மருமகனுக்குச் செய்கின்ற ஒரு சிறு பணி என்று மகிழ்ந்தும் இருந்தேன்.

2023ஆம் ஆண்டு சித்திரை மாதம், நண்பகல் வெயிலிலே, வாழைக்குலைப் பாரத்தோடு மாங்குளத்துக்கு அண்மையில் லொறி நின்றுவிட்டது. மூடியின் வழியே நீராவி சீறியதாம். குளிர்ந்தபின் நீர் விட்டு ஓட்டிப் பார்த்தான். பின்னாலே வெண்புகை எழுந்தது. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால், கரிய எண்ணெய்க்குப் பதிலாகப் பால் விட்ட தேநீர் போன்ற ஒரு குழம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. குலைகள் வெயிலிலே கிடந்து கறுத்துப் பாதி விலைக்குப் போயின. லொறியைக் கட்டியிழுத்துச் சென்று ஒரு கராஜிலே விட்டார்கள். ‘ஹெட் கஸ்கற் போய்விட்டது’ என்றார்கள். புதியது போட்டார்கள். ஆடி மாதத்திலே அதே கஸ்கற் மீண்டும் போயிற்று. தமக்கையாரின் மிச்சமிருந்த தாலிக்கொடியும் அடகு கடைக்குப் போயிற்று.

இரண்டாம் முறை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுசென்றோம். எழுபது வயதைக் கடந்த பெரியவர். கராஜ் என்று சொல்லத்தக்க கட்டிடம் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு வேப்பமரமும் நான்கு தகரமுமே இருந்தன. நானும் உடன் சென்றிருந்தேன். அவர் கஸ்கற்றைப் பார்க்கவில்லை. எஞ்சினையும் உடனே கழற்றவில்லை. என்னைப் பார்த்து ஒரு வினா வினவினார்.

“பண்டிதர் ஐயா, உங்கடை வீட்டிலை தேத்தண்ணி வைக்கிற கேத்தில் எத்தினை வருசப் பழசு?”

“பத்து வருடம் இருக்கும், அண்ணை.”

“அதுக்குள்ளை ஒருக்கால் கைவிட்டுத் தடவிப் பாத்திருக்கிறியளோ?”

எனக்கு விளங்கிவிட்டது. கேத்திலின் உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கை நாள்தோறும் காண்கின்றவன் நான். மனைவியார் மாதம் ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டு அதனைக் கழுவுவதையும் காண்கின்றவன். அப்பொருக்கு இரும்புக்குள்ளேயும் படியும் என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை. அவர் எஞ்சினின் பக்கத்திலிருந்த வட்டத் தகட்டு அடைப்பு ஒன்றை நெம்பி எடுத்து, உள்ளே ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். வெண்மையும் கபிலமும் கலந்த செதில்கள் என் உள்ளங்கையில் விழுந்தன. நான் விடியற்காலையில் வாளி வாளியாக ஊற்றிய ‘நல்ல தண்ணீர்’ கல்லாய்த் திரும்பி வந்திருந்தது.

இனி, அப்பெரியவரிடமும் பின்னர் நூல்களிலும் நான் கற்றவற்றை முறையாகக் கூறுவேன்.

ருடோல்வ் டீசல் என்னும் அறிஞர் 1858இற் பாரிசிலே பிறந்தவர். அவர் அமைத்த எஞ்சின் 1897ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் வெற்றியாக இயங்கிற்று. அதன் நுட்பம் யாதெனின், காற்றை மாத்திரம் உருளைக்குள் அடைத்து, அதன் கொள்ளளவு பதினாறில் ஒன்று முதல் இருபத்திரண்டில் ஒன்றுவரை குறையுமாறு அமுக்குதல். அங்ஙனம் அமுக்கப்பட்ட காற்று ஐந்நூறு பாகை சென்ரிகிரேட்டுக்கு மேலும் சூடேறும். அதனுள் எண்ணெயைச் சிதறினால், தீப்பொறி இன்றியே அது பற்றிக்கொள்ளும். பற்றியெரியும் வாயுவின் உச்ச வெப்பநிலை 2000 பாகையையும் கடக்கும். எஞ்சினோ வார்ப்பிரும்பால் ஆயது. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1200 பாகையிலே உருகுவது. அப்படியாயின் எஞ்சின் ஏன் உருகுவதில்லை? தீ எரிவது கணப்பொழுதே; அன்றியும் உருளையைச் சூழ்ந்த சுவர்களுக்குள்ளே நீர் இடைவிடாது சுற்றி ஓடுகின்றது. எண்ணெய் தருகின்ற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை இழுக்கும் வேலையாகின்றது. மற்றொரு மூன்றிலொரு பங்கு புகையோடு போகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியைச் சுமந்துசென்று காற்றிலே விடுவது அந்நீரின் கடமை.

எஞ்சினிலே உருளைகளைத் தாங்கும் அடிப்பகுதி ஒன்று. அதன்மேல் மூடியாய் அமையும் தலைப்பகுதி ஒன்று. இரண்டையும் போல்ற்றுகள் இறுகப் பிணிக்கின்றன. எத்துணை நுட்பமாகக் கடைந்தாலும் இரும்பும் இரும்பும் தாமாகப் பொருந்துவதில்லை. ஆதலின் இடையிலே மெல்லிய தகடு ஒன்றை வைக்கின்றார்கள். அதுவே கஸ்கற். முற்காலத்திலே செப்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்தனர். இக்காலத்திலே உருக்குத் தகடுகள் பலவற்றை அடுக்கிச் செய்கின்றனர். தலைக்கும் அடிக்கும் இடையே தீவாயு, நீர், எண்ணெய் என்னும் மூன்றுக்கும் வாயில்கள் உண்டு. ஒன்றோடொன்று கலவாமல் மூன்றையும் அதனதன் வழியில் விடுவது இத்தகட்டின் பணி.

இலக்கண மாணாக்கருக்கு இதனை எளிதில் விளக்கலாம். நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் உயிர் நின்றால், அவை தாமாகப் பொருந்தா. இடையிலே யகரமோ வகரமோ வந்து இரண்டையும் உடன்படச் செய்யும். அதனை உடம்படுமெய் என்கின்றோம். அதற்கெனப் பொருள் ஏதும் இல்லை. ஆயினும் அஃதின்றேல் சொற்கள் இசையா. கஸ்கற் எஞ்சினின் உடம்படுமெய். தனக்கென ஓர் இயக்கம் இல்லாதது. அது சிதைந்தாலோ முழு எஞ்சினும் சிதைகின்றது.

அது சிதைவது எங்ஙனம்? பெரும்பாலும் தன் குற்றத்தாலன்று. தலைப்பகுதி அளவுக்கு மிஞ்சிச் சூடேறுமாயின் விரிந்து வளையும். போல்ற்றுகள் ஒருபுறம் பிடித்துக்கொள்ள மறுபுறம் நெளியும். ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு நெளிந்தாலே போதும். தகட்டின்மீதிருந்த இறுக்கம் குறைந்து, தீவாயு தன் வழியைத் தேடிக்கொள்ளும். அது நீரின் வழியிற் புகுந்தால் ரேடியேற்றரிலே குமிழிகள் எழும்; நீர் வெளியே தள்ளப்படும்; நீர் குறையவே சூடு மேலும் ஏறும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் நோய் இது. நீர் எண்ணெயிற் கலந்தாற் குழம்பாகும். உராயும் உறுப்புகள் தேயும். உருளைக்குள்ளே நீர் மிகுதியாகத் தேங்கினாலோ, நீர் காற்றைப் போல அமுங்காதாகையால், பிஸ்ரனைத் தாங்கும் தண்டே வளைந்துபோகும்.

தலை ஏன் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிற்று என்பதே அடுத்த வினா. இங்கேதான் எங்கள் ஊர்க் கிணறு வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். காங்கேசன்துறையிலே சீமெந்து ஆலை எழுந்ததும் அக்கல்லை நம்பியே. வற்றாத ஆறு எமக்கில்லை; ஐப்பசி, கார்த்திகை மழையை நிலம் உறிஞ்சி வைத்திருந்து கிணறுகளின் வழியே தருகின்றது. வானத்திலிருந்து வீழும் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுச் சிறிது அமிலத்தன்மை பெறுகின்றது. அது சுண்ணாம்புக் கல்லிலே ஊறும்போது கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக்கித் தன்னுள் வைத்துக்கொள்கின்றது. நாவுக்கு அது இனிது. ஆயின் சூடேறியவுடன் கரைந்திருந்தது பிரிந்து காபனேற்றாகின்றது. அதாவது, மீண்டும் கல்லாகின்றது. அக்கல் எங்கே மிகுதியாகப் படியும்? எங்கே சூடு மிகுதியோ அங்கே. தலைப்பகுதியிலே புகைவாயிலைச் சூழ்ந்த ஒடுங்கிய நீர்வழிகளே எஞ்சினின் மிகச் சூடான இடம். குளிர்மை மிக வேண்டப்படும் இடத்திலேயே குளிர்மையைத் தடுக்கும் போர்வை படர்கின்றது. சுண்ணாம்புப் பொருக்கு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் வார்ப்பிரும்பின் ஆற்றலில் இருபதிலொரு பங்கும் இராது. மெல்லிய படலமும் தீமை செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சுண்ணாம்பு இல்லாத மழைநீரை மாத்திரம் ஊற்றினால் நோய் தீருமோ என்று நான் பெரியவரை வினவினேன். “பொருக்குப் பிடியாது, கறள் பிடிக்கும்” என்றார். உண்மையே. தனிநீர் இரும்பை அரிக்கும். பித்தளை, ஈயப் பற்று, அலுமினியம், இரும்பு எனப் பல உலோகங்கள் ஒரே நீரிலே தோய்ந்திருந்தால் அரிப்பு மேலும் விரையும். அரிப்பினால் எழுந்த கறள் ரேடியேற்றரின் நுண்குழாய்களை அடைக்கும். தகட்டின் விளிம்பையும் தின்னும். பெரிய லொறிகள் பலவற்றிலே உருளையின் உறை நேரே நீரிலே தோய்ந்திருக்கும். பிஸ்ரன் மோதும் அதிர்ச்சியால் உறை நடுங்க, அதன்மேல் நுண்ணிய ஆவிக்குமிழிகள் தோன்றி வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஊசியாற் குத்தியது போன்றது. நாளடைவில் உறையிலே துளை விழுந்து நீர் உட்புகும். அதனைக் கண்டோர் கஸ்கற் போயிற்று என்று மயங்குவதும் உண்டு.

இவ்விரண்டையும் தடுப்பதற்கே கூலன்ற்றிலே மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. அதன் அடிப்படைத் திரவம் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். இதனை 1856இல் ஆக்கியவர் வூற்சு என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். கிளிசரின், அற்ககோல் என்னும் இரண்டின் இயல்பும் இதற்குண்டு என்பது பற்றி, இரண்டு பெயர்களின் பகுதிகளையும் இணைத்துக் கிளைக்கோல் என்று பெயரிட்டார். நீரும் இதுவும் சம அளவிற் கலந்தால், மூடியில்லாத கலத்திலே ஏறக்குறைய 107 பாகையிலேதான் கொதிக்கும். அமுக்க மூடியின் கீழ் அதனிலும் உயர்ந்த வெப்பநிலையையும் கொதியாது தாங்கும். உறைபனியைத் தடுப்பது அதன் குணங்களில் ஒன்று மாத்திரமே. கொதிப்பைத் தள்ளிவைத்தல், அரிப்பைத் தடுத்தல், உறையிலே துளை விழாது காத்தல் என்பனவே எம்போன்ற வெப்ப நாட்டாருக்கு வேண்டியவை.

நான் இழைத்த பிழை யாதென இப்போது வாசகர்கள் கண்டிருப்பர். கலனிலே எழுதியிருந்த பெயரை முழுக் காரணப்பெயர் என்று கொண்டேன். பெயரிலே சொல்லப்பட்ட காரணம் எம் நாட்டில் இல்லையாதலின் பொருளும் வேண்டா என்று முடிவு கட்டினேன். முள்ளுடைய செடி எல்லாம் முள்ளி ஆவதில்லை என்று மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுக்கின்றவன், ஒரு கலனின் முன்னே அதனை மறந்தேன். கற்ற இலக்கணமே என்னைக் கைவிட்டது என்று சொல்வதற்கில்லை. அதனை நான் கைவிட்டேன் என்பதே சரி.

இனி, எந்தக் கூலன்ற்றைத் தெரிவது என்பது பற்றிச் சில கூறுதல் வேண்டும். கூலன்ற் என்பது ஒரே பொருளன்று. சிலிக்கேற்று, பொசுபேற்று முதலிய கனிமச் சேர்க்கைகளால் உலோகத்தைப் போர்த்துக் காப்பது பழைய வகை. இதனை ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். சேதன அமிலங்களாற் காப்பது பிற்கால வகை. ஐந்தாண்டு வரையும் நீடிப்பது. இரண்டையும் கலந்து அமைத்த வகைகளும் உள. பெரிய டீசல் எஞ்சின்களின் ஈர உறையைக் காப்பதற்கு நைத்திரைற்றுச் சேர்த்த வகைகளும் உள.

இவற்றிலே ஒரு நுட்பம் எம்மவர் கருத்துக்கு உரியது. ஐரோப்பாவிலே பல இடங்களிலும் நீர் சுண்ணாம்புச் செறிவுடையது. பொசுபேற்று அத்தகைய நீரோடு சேர்ந்தாற் கல்சியம் பொசுபேற்றாகி அடியிலே படியும். ஆதலின் அந்நாட்டு எஞ்சின் செய்வோர் பொசுபேற்றை விலக்கினர். ஜப்பானியரோ, நீர்ப்பம்பின் அடைப்பைத் தேய்க்கும் என்று சிலிக்கேற்றை விலக்கிப் பொசுபேற்றைக் கைக்கொண்டனர். எமது வீதிகளில் ஓடும் லொறிகள் பல ஜப்பானியருடையவை. எமது கிணறுகளோ சுண்ணாம்புக் கிணறுகள். ஆகவே, ஜப்பானிய லொறிக்கு விதிக்கப்பட்ட கூலன்ற்றை வாங்கி, அதனோடு யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கலப்பவன் காசு கொடுத்தே பொருக்கை வளர்க்கின்றான். கூலன்ற் நல்லதாயினும் கலக்கும் நீர் தூயதாதல் வேண்டும். பற்றரிக்கு விடும் வடித்த நீரோ, உப்பு நீக்கிய நீரோ தக்கது. கலந்தே விற்கப்படும் கூலன்ற் ஆயின் நீர் சேர்த்தலே கூடாது.

நிறத்தை நம்புதலும் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்பன சாயங்களே. உள்ளே உள்ளது யாதென்று அவை கூறா. ஒரே நிறமுடைய இரண்டு வகைகள் ஒன்றுக்கொன்று பகையாதலும் உண்டு. பகையானவை கலந்தால் மருந்துகள் வலுவிழக்கும். சிலபோது கூழ்போலத் திரண்டு குழாயை அடைக்கும். வகை அறியாவிடின் முழுவதையும் வடித்து, உள்ளே நன்றாகக் கழுவி, எஞ்சின் செய்தவர் தம் கைந்நூலிலே விதித்ததையே ஊற்றுதல் வேண்டும். இவ்வளவு பேசியபின் அவ்வளவுதானா எனலாம். ஆம், அவ்வளவுதான். எம்மிற் பலர் செய்யாததும் அதுவே.

முதற் கராஜிலே போட்ட கஸ்கற் ஏன் மூன்று மாதத்திற் போயிற்று என்பதையும் பெரியவர் விளக்கினார். தலையைக் கழற்றியவுடன் அதன் முகத்திலே நேர்க்கம்பி ஒன்றை வைத்து, இடைவெளியிலே மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துக் காட்டினார். நெளிவு கண்ணுக்குத் தெரிந்தது. முதலிற் கழற்றியவர்கள் இதனை அளக்கவில்லை. நெளிந்த தலையைச் சீவிச் சமப்படுத்தாமலும், பொருக்கை நீக்காமலும் புதிய தகட்டை மாத்திரம் வைத்தமையால், பழைய நோய் புதிய தகட்டையும் தின்றது. மேலும், போல்ற்றுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, படிப்படியாக, அளவு காட்டும் திருகியால் முறுக்குதல் வேண்டும். கைப்பலத்தால் ஓரத்திலிருந்து முறுக்கினால் தகடு சீராக அமராது. வெப்ப நாட்டிலே வேண்டியதில்லை என்று பலர் கழற்றி எறிந்துவிடுகின்ற தேமஸ்ரற் என்னும் சிறு வால்வையும் அவர் மீண்டும் இட்டார். அஃதின்றேல் எஞ்சின் ஒருசீரான சூட்டிலே நில்லாது என்றார். நோயை விட்டு நோய்க்குறியை மாத்திரம் தீர்க்கும் வைத்தியம் எங்கும் இப்படித்தான் முடியும்.

சாரதிமார் நினைவிலே கொள்ளத்தக்க சில அறிகுறிகளையும் அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கீழே ஒரு துளியும் ஒழுகாமல் நீர் நாள்தோறும் குறைதல், குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய சில நிமிடத்திலேயே மேற்குழாய் கல்லைப்போல இறுகுதல், ரேடியேற்றரிலே ஓயாது குமிழி எழுதல், சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காமை, எண்ணெய் வெளுத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிடுதல் வேண்டும். ‘அடுத்த ஊர்வரை போய்ப் பார்ப்போம்’ என்பதே பலரை வீதியிலே நிறுத்திய சொல். சூடான எஞ்சினின் மூடியைத் திறத்தலும், அதன்மேற் குளிர்நீரை வார்த்தலும் ஆகா. முன்னது ஆளைச் சுடும். பின்னது இரும்பைப் பிளக்கும்.

எம்மவரிடம் ‘சமாளித்தல்’ என்றொரு பழக்கம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயிற் கார் ஓட்டியவர்கள் நாம். இல்லாத நாளிலே அது மதிநுட்பம். அதனாலேயே உயிர் தப்பினோம். ஆயின், இருக்கின்ற நாளிலும் அதனையே தொடர்வது சிக்கனமாகாது. ஒரு கலன் கூலன்ற்றின் விலையை மிச்சம் பிடித்து, இரண்டு கஸ்கற்றின் விலையையும், ஒரு பாரம் வாழைக்குலையையும், ஒரு தாயின் தாலிக்கொடியையும் செலவிட்ட கணக்கு என்னுடையது.

மற்றும் ஒன்று. கிளைக்கோல் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. வடித்த பழைய திரவத்தை வளவிலே ஊற்றுவது தகாது. நாயும் பூனையும் நக்கும். குழந்தைகளும் விளையாட்டாய் வாயில் வைக்கக் கூடும். வெடிப்பும் துளையும் நிறைந்த எமது சுண்ணாம்புத் தரையிலே மேலே ஊற்றியது கீழே கிணற்றைச் சேர நெடுநாள் ஆகாது. கிணற்று நீர் லொறிக்குக் கேடு செய்தது என்று கூறியவன், லொறியின் நீர் கிணற்றுக்குக் கேடு செய்யாதிருக்கவும் கூறுதல் வேண்டும்.

லொறி சரியாகி வந்த அன்று மாலை, தமக்கையாரையும் மருமகனையும் இருத்தி, “பிழை என்னுடையது, நான் ஊற்றிய தண்ணீர்தான்” என்று சொன்னேன். தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. மருமகன், “கிணறு என்ன செய்யும், மாமா? நானும் கேத்திலைப் பாத்துக்கொண்டுதானே வளந்தனான்” என்றான். அவன் என்னைக் குற்றம் கூறியிருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதலாயிருந்திருக்கும். அடகு வைத்த தாலிக்கொடியை மீட்டுக் கொடுப்பதை நான் பொறுப்பேற்றேன். மாதந்தோறும் என் சம்பளத்தில் ஒரு பகுதி அதற்குப் போய்வந்தது. சென்ற ஆண்டு மீண்டது. காணி உறுதி இன்னும் மீளவில்லை.

மறுவாரம் வகுப்பிலே உடம்படுமெய்யை விளக்கும்போது கஸ்கற்றை உவமை கூறினேன். மாணாக்கர் சிரித்தனர். பின்வரிசையில் ஒருவன் மாத்திரம் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“ஐயா, எங்கடை அப்பாவும் லொறிதான் ஓடுறார். நாங்களும் கிணத்துத் தண்ணிதான் விடுறனாங்கள்.”

“இன்று வீட்டுக்குப் போய்க் கேத்திலைத் திறந்து பார், பிறகு அப்பாவையும் பார்க்கச் சொல்” என்றேன்.

அவன் போனபின், இப்படி இன்னும் எத்தனை வளவுகளிலே எத்தனை வாளிகள் விடியற்காலையிற் கிணற்றுக்குள் இறங்கும் என்று எண்ணினேன். அந்த எண்ணமே இக்கட்டுரை. தண்ணீர் என்னும் சொல்லைத் தண்மை, நீர் எனப் பிரித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். தண்மை நீரோடு கூடவே பிறந்தது என்று நான் நம்பியிருந்தேன். எஞ்சினுக்குள்ளே அத்தண்மையைக் காப்பது மனிதரின் கவனமே என்பதை வேப்பமரத்தடியிலே இருந்த ஆசிரியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன்.